காவலனுக்கு வைத்த மஞ்சள் புள்ளி

பிள்ளைகளே, ஒரு பொருளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நான் சொல்லித் தருவேன். வேறு பெரிதாக எதுவும் எனக்குத் தெரியாது. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் கார் பம்பர்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறேன். பெயின்ட் அடித்து வரும் பம்பரை டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கீறல் இருந்தால் ஓரம் கட்டுவேன். இல்லாவிட்டால் உள்பக்க மூலையில் பெயின்ட் பேனாவால் ஒரு மஞ்சள் புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளி இல்லாமல் எந்தச் சரக்கும் கேட்டைத் தாண்டாது.

அதனால் எங்கள் வீட்டுக்கு ஒரு பொம்மை வந்தபோது, அதைச் சோதிக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

என் மனைவி கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். மெஷின் பொருத்த வந்து அங்கே தங்கியிருந்த வெளிநாட்டு இன்ஜினியர், ஊருக்குக் கிளம்பும்போது அவளிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, தரையிலிருந்து இடுப்பு உயரத்தைக் கையால் காட்டினாராம். எங்கள் பெண்ணுக்கு என்று அர்த்தம். பெட்டியின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே சாம்பல் நிறக் கவசம் போட்ட விண்வெளிக் காவலன். ஏதோ ஆங்கிலப் படத்தில் வருகிறவன். ஒரு கை நம்மைப் போல, மறு கை இயந்திரம்.

பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. மூடியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்துவிட்டாள். சரியாக அந்த நேரத்தில் என் மச்சான் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி. கம்பெனி வேன் ஓட்டுகிறான். வண்டி நிற்கிற நேரத்திலெல்லாம் போனைப் பார்த்துப் பார்த்து உலக விஷயம் முழுவதும் தெரிந்துகொண்டவன்.

"ஏய், கைய எடு! பிரிச்சிடாதடி! மாமா, இது வெளாடற பொம்ம இல்ல. சேத்து வெக்கிற பொம்ம. சீல் ஒடையாம கீதுன்னா மெட்ராஸ்ல கொத்திகினு போவாங்க."

"வெளாடாம அத்த வெச்சிகினு இன்னாடா பண்ணுவாங்க?" என்றாள் மனைவி.

"பாத்துகினு இருப்பாங்கக்கா."

பெண் நகத்தை எடுக்கவில்லை. "எனக்குத்தான குடுத்தாரு?"

"உனுக்குத்தான். ஆனா தொடக் கூடாது" என்றான் மச்சான். அவன் சொன்ன விதத்தில் அது நியாயமாகவே கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க செக்கிங் ஆளு. நல்லா கீதான்னு பிரிக்காமயே பாத்து சொல்லுங்க."

கம்பெனியில் யாரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. கையைக் கழுவிக்கொண்டு டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தேன். முதலில் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், பிறகு கிட்டத்தில், பிறகு சாய்த்து. பெண் பக்கத்திலேயே மூக்கை வைத்து மூச்சு விட்டதில் பிளாஸ்டிக்கில் ஆவி படிந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

"சரியில்ல மச்சான். தோள்ல கீறல். ஹெல்மெட்ல கரி. நெஞ்சுல பெயின்ட் உரிஞ்சிருக்கு. எங்க லைன்ல வந்திருந்தா அப்பவே ரிஜெக்ட்டு."

"அய்யோ அப்பா! அவரு சண்ட போட்டுட்டு வந்துகீறாரு. கீறல் இல்லன்னாதான் தப்பு. பயந்து எங்கயாவது ஒளிஞ்சிகினு இருந்தாருன்னு அர்த்தம்" என்றாள் பெண்.

மச்சான் போனில் படத்தைக் காட்டினான். அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கீறலை யாரோ ஒருவர் மெல்லிய பிரஷ்ஷால் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். அந்த லைனிலும் என்னைப் போல ஒருவர் நிற்பார் அல்லவா? கீறல் இல்லாத காவலன் வந்தால் ஓரம் கட்டிவிட்டு, மேலே புகார் எழுதுவார். உலகத்தில் இப்படியும் ஒரு செக்கிங் இருக்கிறது.

முழுவதும் பார்த்து முடித்துத் திருப்தியான பிறகு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெட்டியின் கீழ் மூலையில் முறைப்படி ஒரு மஞ்சள் புள்ளி வைத்தேன். மச்சான் அதற்குள் போனில் அதை வாங்க ஆள் தேட ஆரம்பித்திருந்தான்.

"இது எதுக்குப்பா?" என்றாள் பெண்.

"இனிமே இவரு வெளிய போலாம்னு அர்த்தம்."

"பொட்டிக்கு வெளியவா?"

"கேட்டுக்கு வெளிய."

அவள் முகம் வாடிவிட்டது.

காவலன் பீரோ மேலே ஏறினான். வெயில் பட்டால் நிறம் மங்கும் என்று மச்சான் சொன்னதால் மனைவி அவன் மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தினாள். தொடத்தான் கூடாது என்று ஆரம்பித்தது, பார்க்கவும் கூடாது என்று ஆனது. எங்கள் வீட்டிலேயே மிகவும் நல்ல பொருள் அதுதான். வந்தவர்களிடம் பெருமையாகத் துண்டைக் காட்டினோம்.

பெண் அழவில்லை, அழுதிருந்தால் சமாளிக்க எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த தெர்மாகோலை எடுத்துப் பீரோவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீடு கட்டினாள். கட்டில், ஜன்னல், ஹெல்மெட் மாட்ட ஒரு ஆணி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலையை அண்ணாந்து துண்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாளு சார், வூடு ரெடி ஆயினே கீது" என்பாள். ஆள் இல்லாமலே வீடு வளர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சான் சொன்ன ஆள் சென்னையிலிருந்து பைக்கில் வந்தார். இளைஞர்தான். வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வந்ததில் முகமெல்லாம் புழுதி. முகத்தைக் கழுவக்கூட இல்லை, பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சின்ன டார்ச்சை அடித்துப் பெட்டியை மட்டும் பார்த்தார். மூலைகள், ஒட்டு, மடிப்பு. உள்ளே இருந்தவனை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"யாரு தம்பி இவரு, பெரிய ஹீரோவா?" என்று நான் கேட்டேன்.

"இல்லண்ணா. ரெண்டு சீன் வந்து செத்துருவாரு. அதனால பொம்மையும் கம்மியாத்தான் போட்டாங்க. அதான் இவ்ளோ கிராக்கி."

எங்கள் கம்பெனியிலும் கொஞ்ச நாள் வந்துவிட்டுக் காணாமல் போகும் கான்ட்ராக்ட் ஆட்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கிராக்கி கிடையாது.

டார்ச் கீழ் மூலையில் நின்றது.

"இது இன்னாண்ணா, மஞ்சளா?"

"ஓகே மார்க் தம்பி" என்றேன். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "நானே முழுசா செக் பண்ணி வெச்சது."

அவர் கையுறையோடு நெற்றியைத் தொட்டார். மச்சான், "மாமா!" என்றான்.

"அழிச்சா போயிடுமாண்ணா?"

"அதெப்படிப் போகும்? தின்னர் போட்டாலும் போகாது. நல்ல அயிட்டம்" என்று தைரியம் சொன்னேன்.

இளைஞர் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "பொட்டி சுத்தமா இருக்கணும்ணா. இனிமே இது வெறும் பொம்மதான்."

பீரோவுக்குப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு தலை வெளியே வந்தது.

"வெறும் பொம்மயா, அங்கிள்? நெஜமாவா?"

"ஆமா பாப்பா. சாரி."

"அப்பா, அப்போ பிரிக்கலாமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். மச்சான் கூரையைப் பார்த்தான். "பிரிம்மா" என்றேன். இளைஞர் அவசர அவசரமாகக் கையுறையைக் கழற்றினார். "நான் போனப்புறம் பிரிங்கண்ணா. என்னால பாக்க முடியாது." பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை என் பெண் நகத்தை மூடியின் விளிம்பில் வைத்தபடியே காத்திருந்தாள். அவளுக்கும் மரியாதை தெரியும்.

காவலன் வெளியே வந்தான். தரையில் நிறுத்தினால் சாய்ந்தான். இடது முழங்கால் லூஸ். பிளாஸ்டிக் வழியே பார்த்தபோது அது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெரிய கம்பெனியின் செக்கிங்கிலும் தப்பியிருக்கிறது.

"சண்டையில அடிபட்டிருக்குப்பா" என்று அவள் அவனைத் தெர்மாகோல் கட்டிலில் படுக்க வைத்தாள்.

காலிப் பெட்டியைத் தூக்கிப் போட அவள் விடவில்லை. அதுதான் இப்போது வீட்டின் முன்சுவர். மஞ்சள் புள்ளி வெளிப்பக்கம் இருக்கிறது. அது காலிங் பெல். உள்ளே போக வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் "டிங் டாங்" என்று அவளே குரல் கொடுத்து, யார் என்று விசாரிப்பாள்.

மச்சான் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை; வேண்டுமென்றே புள்ளி வைத்தேன் என்று நினைக்கிறான். ஆனால் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, பெல்லை அழுத்திவிட்டுத்தான் உட்காருகிறான்.