கிணற்றுத் தண்ணீரோடு மலையேறியவர்

1936ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், மாரிமழை யாழ்ப்பாணத்து அச்சுவேலியின் குறுகிய ஒழுங்கைகளை வாய்க்கால்களாக்கியிருந்த ஒரு பிற்பகலில், குணலட்சுமி அக்காவை நான் முதன்முதலாகக் கண்டேன். உடுப்பிட்டியிலிருந்து அச்சுவேலிப் பாடசாலையொன்றுக்கு நான் ஆசிரியையாக வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. சிவனொளிபாதமலைக்கு ஆண்டுதோறும் ஆட்களை அழைத்துச் செல்லும் மார்க்கண்டு என்பவரின் வீடு எதுவென்று விசாரித்து, என்னையும் சேர்த்துக்கொள்வாரா என்று கேட்பதற்காக நனைந்தபடி அங்கே போயிருந்தேன்.

மார்க்கண்டு அண்ணை அப்போது மலையடிவாரத்து மஸ்கெலியாவில் இருந்தார். அவருக்கு அங்கே ஒரு சுருட்டுக்கடை இருந்தது. தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருவார். மாசியில் கடைக்குத் திரும்பும்போது, மலையேற விரும்புவோரைக் கூட்டிக்கொண்டு போவார். வழிகாட்டுபவர் அவரேயாயினும், அந்தப் பயணத்தை வகுத்து ஒழுங்கு செய்பவர் அவருடைய மனைவி குணலட்சுமி என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"பசி வந்தால் உமக்குக் கோவம் வருமோ, அழுகை வருமோ?" என்றார்.

சிறிது யோசித்து, "கோபம்தான் வரும்," என்றேன்.

"அப்ப சரி. அழுகிறவையைத்தான் மலையிலை வைச்சுச் சமாளிக்க ஏலாதாம்."

நெடிய, மெலிந்த உடம்பு. ஒவ்வொரு வாக்கியத்திற்கும் நடுவில் சற்று நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வார். அறியாதவர்கள் அதைக் கர்வம் என்று எண்ணுவதுண்டு. அது சிறுவயது தொட்டு அவரை வாட்டிய முட்டு வருத்தம் என்னும் இரைப்பு நோய். அதன் காரணமாகவே அவர் ஒருநாளும் மலைநாட்டைப் பார்த்ததில்லை. தம் கணவர் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் கடையையும் பார்த்ததில்லை. ஆனால் போய்வந்த ஒவ்வொருவரையும் இருத்திவைத்து, எங்கே களைத்தீர்கள், எங்கே வழுக்கிற்று, வழிப்போக்கர் தங்கும் எந்த அம்பலத்தில் கூரை ஒழுகுகிறது என்று துருவித் துருவிக் கேட்டு, அந்த வழி முழுவதையும் மனத்துக்குள் கட்டிவைத்திருந்தார்.

அவருடைய திட்டத்தில் புறப்படும் நாள் உண்டு. திரும்பும் நாள் கிடையாது. ஏனையோர் இரவோடிரவாக ஏறி விடிந்ததும் இறங்கிவிடுவார்கள். அக்காவின் கூட்டம் பகல் வெளிச்சத்தில் ஏறும், மழையென்றால் தங்கும், ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டால் எல்லாரும் அமர்ந்துகொள்வார்கள். இதற்கென மஸ்கெலியாக் கடையிலும் பாதி வழியிலுள்ள அம்பலத்திலும் காத்திருக்கும் நாள்கள் சிலவற்றை அவர் ஒதுக்கிவைப்பார்.

தை மாதத்தில் எங்கள் கூட்டம் அந்த வீட்டில் ஒன்றுகூடியது. என்னோடு இருவர். ஒருவர் யாழ்ப்பாணப் பட்டினத்துத் தையற்காரர் கலந்தர். முஸ்லிம்கள் போற்றும் பாவா ஆதமின் பாதம் பதிந்த மலையென்று முன்பும் மார்க்கண்டு அண்ணையோடு போய்வந்தவர். குளிர்ச்சட்டை என்பதையே அறியாத எங்களுக்குப் பிளனல் துணியில் சட்டை தைத்துத் தந்தவரும் அவரே. மற்றவர் அயலிலிருந்த புகையிலைத் தோட்டக்காரர் அருளம்பலம். நாள்தோறும் கிணற்றுத் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து நீர் இறைப்பவர்.

"துலா மிதிக்கிறவனுக்கு மலை என்ன மலை?" என்றார் அவர். "ஆனால் தங்கச்சி, புகையிலை வெட்டுக்கு முந்தி நான் இஞ்சை நிக்கவேணும். திரும்பி வாற நாள் எது?"

"தெரியாது அண்ணை."

"ரயில் கோச்சிக்காரனுக்கும் தெரியாதோ?"

"கோச்சி ஒவ்வொரு நாளும் ஓடுது. ஒருநாளை அதிலை ஏறுவியள்தானே."

அதன்பின் புழுக்கொடியல் தட்டை எங்கள் நடுவில் வைத்தபடி, "இந்தமுறை நானும் வாறன்," என்றார் அக்கா.

மார்க்கண்டு அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "எங்கை?"

"நீங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போற இடத்துக்கு."

"இஞ்சரும், விளையாடாதையும். அந்தக் குளிர் நல்ல நெஞ்சுக்காரரையே இழுத்துப்போடும்."

"எத்தினை வருசமாய் ஆர் ஆரையோ ஏத்தி இறக்கிறியள். ஒவ்வொருத்தரும் வந்து சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறன். எனக்கு என்ரை காலாலை அந்த உச்சியிலை ஒருக்கால் நிக்கவேணும். பொஞ்சாதியை ஏத்தினால் மலை சரிஞ்சு போடுமோ?"

"மலை சரியாது தங்கச்சி. உன்ரை மனுசன்தான் சரிஞ்சு போவார்," என்றார் அருளம்பலம்.

நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு மார்க்கண்டு அண்ணை ஒரு நிபந்தனையோடு இணங்கினார். மூச்சிழுப்புக் கண்டால் காத்திருக்கலாம். காத்திருக்கும் நாள் முடிந்தும் தணியாவிட்டால், அந்த இடத்திலிருந்தே திரும்பிவிட வேண்டும். வழக்காடக்கூடாது.

"எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?" என்று நான் கேட்டேன்.

"தண்ணி இருக்கும் மட்டும்," என்றார் அக்கா.

அது எங்கள் ஊருக்கே உரிய ஒரு கணக்கு. ஆறில்லாத நிலத்தில் பிறந்த நாங்கள் எங்கள் கிணற்றையன்றி வேறெதையும் நம்புவதில்லை. தண்ணீர் மாறினால் நோய் வரும் என்பது எல்லாருடைய எண்ணம். முட்டுக்காரருக்கு அது ஆகவே ஆகாது என்று நாட்டு வைத்தியரான பரியாரியாரும் அக்காவிடம் சொல்லியிருந்தார். ஆகையால் ஒவ்வோர் ஆண்டும் வீட்டுக் கிணற்று நீரைத் தகரங்களில் நிரப்பி, மூடிக்கு ஈயம் பற்றவைத்து, கூட்டத்தோடு அனுப்புவார். அந்த நீர் எத்தனை நாளுக்குக் காணுமோ, அத்தனை நாளே பயணம். நெகிழ்ச்சியான அவருடைய திட்டத்தில் நெகிழாதது அந்தத் தகரம் ஒன்றுதான்.

மாசி பிறந்ததும் புறப்பட்டோம். பொல்காவலையில் ரயில் மாற வேண்டியிருந்தது. தகரங்களை இறக்கி ஏற்றும் பொறுப்பை மார்க்கண்டு அண்ணை தாமே எடுத்துக்கொண்டார்; நாங்கள் அக்காவைப் பெண்கள் பெட்டியில் ஏற்றுவதில் முனைந்திருந்தோம்.

மஸ்கெலியாக் கடையில், குளிருக்கு நெஞ்சு பழகும்வரை தங்கினோம். அக்கா ஒரு முக்காலியில் அமர்ந்து, கடைக்கு வருவோர் போவோரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மார்க்கண்டு அண்ணையை உரிமையோடு கேலி செய்வதையும், அவர் அவர்களோடு அவர்களுடைய பேச்சிலேயே பதில் கதைப்பதையும் கண்டு, "இப்பிடி ஒரு மனுசன் எனக்கு இருக்கிறார் எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லையே," என்று என் காதில் சொல்லிச் சிரித்தார். அவர் குடித்தது எப்போதும் மல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்த நீர். அதை மார்க்கண்டு அண்ணையே காய்ச்சிக் கொடுத்தார்.

ஒரு காலைப்பொழுதில் ஏறத் தொடங்கினோம். வழியெங்கும் நீரோடைகள். வாய்க்கால் வழியே துலாத் தண்ணீர் ஓடுவதை மட்டுமே கண்டிருந்த எனக்கு, இறைப்பவரில்லாமல் நீர் தானாக ஓடுவது வியப்பாக இருந்தது. அக்காவும் நின்று பார்த்தார், கையைக்கூட நனைக்கவில்லை. முதல் ஏற்றத்திலேயே அருளம்பலத்தின் தொடை நடுங்கத் தொடங்கிவிட்டது. "துலாவிலை மேலை போனால் உடனை கீழை வரலாம். இதென்ன, மேலையே போய்க்கொண்டிருக்கு," என்று முறையிட்டார்.

பாதி வழி அம்பலத்தை அடைந்தபோது மூடுபனி இறங்கியது, தூறலும் சேர்ந்துகொண்டது. அக்காவுக்கு இழுப்புக் கண்டது. அம்பலத்துத் தூணில் முதுகைச் சாய்த்து, கலந்தர் தைத்த சட்டைகள் இரண்டை ஒன்றன்மேலொன்றாக அணிந்து, அவர் மூச்சோடு போராடிக்கொண்டிருந்தார். காத்திருந்தோம். மறுநாளும் பனி விலகவில்லை. இழுப்பு மட்டும் சற்றுத் தணிந்தது. அதற்கடுத்த நாள் அக்கா தாமே எழுந்துபோய்த் தகரத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"இஞ்சருங்கோ, அடி தெரியுது. இறங்கிறதுக்குத்தான் காணும். வாங்கோ, கீழை போவம்."

குரலில் அழுகை இல்லை. தாம் வகுத்த ஒழுங்கைத் தாமே மீற அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான். ஆனால் உச்சி இருக்கும் திசையை அவர் ஒருமுறை பார்த்ததை நாங்கள் எல்லாரும் கண்டோம். அங்கே பனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மார்க்கண்டு அண்ணை 'ஓம்' என்று இணங்கி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் அஞ்சியது நடக்காமலே எல்லாம் முடிந்திருக்கும். அவரோ தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்தார், மீண்டும் கட்டினார், மீண்டும் அவிழ்த்தார்.

"உது எங்கடை கிணத்துத் தண்ணியில்லை," என்றார்.

"என்ன?"

"கிணத்துத் தண்ணி பொல்காவலையோடை முடிஞ்சுது. ஈயம் விட்டு, முழுக்க மேடையிலை ஓடிப்போச்சு. அங்கை பைப்பிலை நிரப்பினன். பேந்து மஸ்கெலியாவிலை. முந்தநாள் உந்த ஓடையிலை."

"அப்ப நான் குடிச்ச மல்லித்தண்ணி?"

"எல்லாம் இந்த நாட்டுத் தண்ணிதான்."

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். "முந்தின வருசங்களிலை?"

அண்ணை கலந்தரைப் பார்த்தார். கலந்தர் கூரையைப் பார்த்தார்.

"பாரமெண்டு, கோச்சியாலை இறங்கினதும் அட்டனிலை ஊத்திப்போடுவம்," என்றார் அண்ணை மெதுவாக.

"கோவிக்காதையுங்கோ தங்கச்சி," என்றார் கலந்தர். "உங்கடை புண்ணியத்திலை அந்த ஸ்டேசனிலை ஒரு பூமரம் நல்லாய்ச் செழிச்சு நிக்குது."

"தண்ணி காணுமாய் இருந்தது எண்டு வந்து சொன்னியளே, எல்லாரும்! நீங்களாவது ஏன் சொல்லேல்லை?"

"நீர் விடியவெள்ளணை எழும்பி, துணியாலை வடிச்சு, பாத்துப் பாத்து நிரப்பித் தாறனீர். உதை எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அண்ணை.

நான் அக்காவின் கோபத்தை எதிர்பார்த்தேன். வந்தது சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நாங்கள் பயந்துபோய் முதுகைத் தடவிக்கொடுக்க, அதற்கு நடுவிலும் அவர் சிரித்தார். மூச்சுத் திரும்பியதும் முதலில் கேட்டது இதுதான்:

"உதைக் குடிச்சு மஸ்கெலியாவிலை நல்லாய்த்தானே இருந்தனான். அப்ப எனக்கு இழுக்கிறது தண்ணியாலை இல்லையோ?"

"குளிராலை."

"அப்பிடியெண்டால் குளிர் விடுமட்டும் இருக்கலாம். இனித் தண்ணிக்குக் கணக்கில்லை."

மார்க்கண்டு அண்ணை அப்போதுதான் தாம் செய்த காரியத்தை உணர்ந்தவர்போலத் தகரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ரை புகையிலை?" என்றார் அருளம்பலம்.

"விரும்பினால் கலந்தர் அண்ணையோடை இறங்குங்கோ. ஒருத்தரும் மறிக்கேல்லை."

அருளம்பலம் கீழ்நோக்கிச் செல்லும் ஈரப் படிகளைப் பார்த்தார். தம் முழங்கால்களைப் பார்த்தார். "புகையிலை கிடக்கட்டும்," என்று சொல்லி மறுபடியும் படுத்துக்கொண்டார்.

இருந்தோம். ஒடியல்மாவில் கூழ் காய்ச்சினோம். அக்கா ஓடை நீரைத் தாமே அள்ளி வந்து, கொதிக்கவைக்காமல் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "உப்பில்லாத சோறு மாதிரிக் கிடக்கு," என்றார். பிறகொரு காலையில் பனி கிழிந்து வெயில் விழுந்தது. அக்கா முன்னே நடந்தார். சில படிகள் ஏறுவார், அமர்வார், நாங்களும் அமர்வோம். பின்னால் வந்த சிங்களக் குடும்பங்கள் எங்களைக் கடந்து போய், வணங்கிவிட்டுத் திரும்பியும் வந்தன. எங்களைக் கண்டு புன்னகைத்தன. சங்கிலி பிடித்து ஏறும் செங்குத்தான இடத்தில் அண்ணை கீழே நின்று, அக்காவின் ஒவ்வொரு பாதத்தையும் தம் கையால் படியில் வைத்துவிட்டார். வெயில் சாய்வதற்குள் உச்சியில் நின்றோம்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். பிறகு, "இவ்வளவு சின்ன இடமோ?" என்றார்.

மறுநாள் உதயத்தில் மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே விரிந்து கிடந்ததைக் கண்டோம். எத்தனை முறை ஏறினார்களோ அத்தனை முறை அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். அக்கா ஒருமுறை அடித்தார். எத்தனையோ முறை ஏறியிருந்த மார்க்கண்டு அண்ணையும் ஒருமுறை மட்டும் அடித்துவிட்டுக் கயிற்றை விட்டார். அருளம்பலம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, கலந்தர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அக்கா அதற்குப் பின் மலைக்குப் போகவில்லை. போகவேண்டும் என்ற தவிப்பும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் பயணத்தை அவரே ஒழுங்கு செய்தார். தகரங்கள் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தன. விடுமுறை கிடைத்த ஆண்டுகளில் நானும் போனேன். ஒழுங்குகளில் பாதி மெல்ல மெல்ல என் கைக்கு வந்தது. யுத்தம் வந்து அரிசிக்கும் வண்டிக்கும் தட்டுப்பாடானபோது பயணம் நின்றது. 1946ஆம் ஆண்டில் மீண்டும் போகலாம் என்று முடிவானது. அந்தத் தை மாதத்தில்தான் அக்கா படுக்கையில் விழுந்தார்.

அவ்வாண்டு வருவதாகச் சொன்னவர்களின் பெயர்களை நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்களை மூடிக் கேட்டவர், சந்தையில் மரக்கறி விற்கும் நல்லம்மாவைக் கேட்டீர்களா என்றார். நல்லம்மாவுக்கு ஒரு கால் பிறவியிலேயே வளைந்தது, கோலூன்றி நடப்பவர். அவரை எப்படிக் கூட்டிப்போவது என்று அண்ணை தயங்கியதாகச் சொன்னேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். மூச்சுக்கு நடுவே, விட்டுவிட்டு, ஆனால் தெளிவாகச் சொன்னார்:

"அவள் தானாய் வந்து கேக்கமாட்டாள் பிள்ளை. நீர் போய்க் கேளும்."