மொழி மாற்றினால் மறையும் எண்

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஷிப்ட் முடிவில் ஆபரேட்டர்கள் ரிஜெக்ட் ஆன பீஸ்களின் எண்ணிக்கையை டேப்லெட்டில் அடிக்க வேண்டும். அந்தத் திரையைப் பெங்களூர் சாப்ட்வேர்க்காரர்கள் புதிதாகச் செய்து கொடுத்திருந்தார்கள். ஒருநாள் தொட்டியில் ரிஜெக்ட் பீஸ் கிடக்கிறது, திரையில் பூஜ்யம். மறைத்துவிட்டாள் என்று சொல்லி, பாகலூரிலிருந்து வரும் கான்ட்ராக்ட் பெண்ணைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"நான் அடிச்சேண்ணா, சத்தியமா அடிச்சேன்" என்றாள் என்னிடம்.

பெங்களூரில் கேட்டால், ஆபரேட்டருக்கு அடிக்கத் தெரியவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் திரைக்கான புரோகிராம் கோடு என் கையில்தான் இருந்தது. ஆனால் அது நின்றது பிரேம்வொர்க் என்று யாரோ கட்டிவைத்த ஓர் ஆயத்த அடித்தளத்தின் மேல். அதை வருஷக்கணக்காகப் பயன்படுத்தியும் உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்கே தெரியாது. தொலையட்டும், நானே அப்படி ஒன்று கட்டிப் பார்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தேன்.

முதலில் கட்டியது சுத்த மடத்தனம். எது மாறினாலும் திரை முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தது. பிறகு, மாறியதை மட்டும் மாற்றும்படி எழுதினேன். திரையில் எண் அடிக்கும் பெட்டிகளில் எது பழையது, எது புதியது என்று அதற்குத் தெரிய வேண்டுமே, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடையாளம் கொடுத்தேன். அங்கேதான் பொறி தட்டியது. ஓடிப்போய்ப் பெங்களூர் கோடைத் திறந்தேன். மகானுபாவர்கள் பெட்டியின் தலைப்பையே அடையாளமாக வைத்திருந்தார்கள். தலைப்போ மொழிக்கு மொழி மாறும்.

அவளுக்கும் பக்கத்து மெஷின்காரருக்கும் ஒரே டேப்லெட். அவள் தமிழில் அடித்துவிட்டு நகர்வாள். அவர் கன்னடத்துக்கு மாற்றி, தன் எண்ணை அடித்து, இரண்டையும் சேர்த்துச் சேமிப்பார். இருவர் எண்ணையும் ஒருவரே சேமிப்பது எங்கள் லைனில் எல்லோருக்கும் வழக்கம்; மற்ற ஜோடிகள் நடுவில் மொழியை மாற்றாததால் தப்பித்தார்கள். மொழி மாறிய நொடியே அவள் எண்ணோடு பழைய பெட்டி போய், பூஜ்யத்தோடு புதுப்பெட்டி வந்து உட்காரும். இங்கிலீஷில் மட்டும் சோதித்தவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

மேனேஜர் முன்னால் ஓர் எண்ணை அடித்து, மொழியை மாற்றிக் காட்டினேன். பார்த்தார். திரையை அன்றே திருத்தச் சொன்னார். அவளையும் வரவழைத்தார்கள். ஆனால் மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால்தான் வேலையாம்; ரிப்போர்ட் மேலே போய்விட்டதாம், சும்மா ஒரு பார்மாலிட்டியாம்.

அவள் பேனாவைத் தொடவில்லை. "பூஜ்யம் போட்டது நானில்லன்னு நீங்களே பாத்துட்டீங்க சார். அப்பறம் எதுக்கு நான் எழுதணும்?"

அவள் எழுதாமலே போனாள், வேலையும் போயிற்று. அவளிடம் எழுதித் தரச் சொன்ன மன்னிப்புக் கடிதத்தைப் பெங்களூர்க்காரர்களிடம் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.