இராசநாயகம் அண்ணையின் அசையாத தலை

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து நகரான அஜக்ஸிலிருந்து இராசநாயகம் அண்ணையின் மகள் வாணி அழைத்தாள். "அன்ரி, அப்பா மோசம் போயிட்டார். சனிக்கிழமை உடலைப் பார்வைக்கு வைக்கிறம். நீங்கள்தான் பேசோணும்." ஓம் என்றுவிட்டேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், டோர்செட் பார்க் வார இறுதித் தமிழ் வகுப்பில், நானும் இராசநாயகம் அண்ணையும் நெடுங்காலம் சேர்ந்து படிப்பித்தோம். பிள்ளைகளிடம் குரல் உயர்த்தாத மனிதர். ஒரு பழக்கம் மட்டும் விநோதம். யார் என்ன கதைத்தாலும் தலையை ஆட்டமாட்டார். ஓமோ இல்லையோ, வாயால்தான் சொல்வார். "என்ன அண்ணை, கழுத்துச் சுளுக்கோ?" என்று பகிடி பண்ணுவேன். சிரிப்பார்.

ஒருநாள் வகுப்பு முடிந்து தேநீர் ஊற்றும்போது அவராகவே சொன்னார்:

"ஆமி எங்கட ஊரைப் பிடிச்சு வைச்சிருந்த காலம், என்ர தலையில கண்ணுக்கு ரெண்டு ஓட்டை விட்ட சாக்கைப் போட்டுச் சந்தியில இருத்தினவங்கள். சனம் வரிசையாப் போகும். போராளியோ எண்டு கேட்டு, நான் தலையாட்டின ஆக்களை ஏத்திக்கொண்டு போவாங்கள். ஒருத்தரும் திரும்பி வரேல்லை. அடிச்சுத்தான் செய்விச்சவங்கள். ஆனால் ஆட்டினது என்ர தலை, தங்கச்சி."

போரில் இறந்தவர்களுக்கான அந்த வருட நினைவு நிகழ்வில் இதைச் சொல்ல அனுமதி கேட்டார். "கொண்டுபோன ஆக்கள் ஆரார் எண்டு எனக்குத் தெரியும். அவையின்ர சொந்தக்காரர் இஞ்சதான் இருக்கினம். சொல்லிப்போட்டுச் சாகோணும்."

நிகழ்வுக் குழுத் தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "உது இப்ப ஏன் அண்ணை? ஆமிக்காரர் செய்ததைச் சொல்லத்தானே கூட்டம் வைக்கிறம். எங்கட ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதே?"

குழுவில் நானும் இருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சீ! அதுவும் அவர் கண்ணுக்கு முன்னால். "ஓம்" என்று மட்டும் சொல்லி, அண்ணை கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். முன்வரிசையில் வாணி. அவளுக்குப் பின்னால் எங்கள் ஊர்ச் சனம். அதில் யார் யாருடைய ஆட்கள் அண்ணையின் தலையாட்டலில் போனார்களோ, எனக்குத் தெரியாது. சொல்லத்தான் போனேன். ஆனால் "ஒருவருக்கும் தீங்கு செய்யாத மனிதர்" என்றேன்.

மண்டபம் முழுவதும் தலையாட்டியது. பெட்டிக்குள் கிடந்த ஒரு தலைதான் அசையவில்லை.

வெட்கத்தோடு இதை இப்போது எழுதுகிறேன். போய் வாருங்கள் அண்ணை. அந்தப் பெயர்களை ஒருமுறையாவது உங்களிடம் கேட்டிருக்கலாம். இனி அந்த வீடுகளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.