இருமல் இல்லாத தெரு

அந்தத் தெருவிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் அவளுடைய சொந்தப் பெயரை மூட்டை கட்டி வைத்துவிட்டு எல்லாரும் ‘காலேஜ்’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். “காலேஜ், பஸ்ஸு வந்துருச்சு, ஓடு” என்பார் தையல்காரர். என்ன படிக்கிறாள் என்றுதான் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. சுற்றுச்சூழல் அறிவியலும் கொள்கையும் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். மளிகைக்கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப டாக்டர் மாதிரி, ஆனா ஊருக்கு” என்றார். அதைவிட நன்றாக அவளுக்கும் சொல்ல வரவில்லை. விட்டுவிட்டாள்.

தெருக்கோடியில் ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் நகரத்துக் குப்பையெல்லாம் வந்து சேரும் மேடு. வெயில் ஏறினால் அது தானாகவே புகையும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள், துணியை உள்ளே காயப்போடுவார்கள், அவ்வளவுதான். மேட்டைப் பற்றிப் பேசுவதே கௌரவக் குறைச்சல் என்பது தெருவின் எண்ணம்.

முதல் வருடம் அவள் காற்றிலிருக்கும் தூசியை எடை போடவும், தண்ணீரைச் சோதிக்கவும், சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கவும் கற்றாள். இரண்டாம் வருடம் அதையெல்லாம் அரசாங்கத்தின் காதில் போடுவது எப்படி என்று பாடம். எண்ணைக் காட்டாதவரை எந்த அதிகாரியும் நிமிர்ந்து பார்க்கமாட்டார் என்பதுதான் அந்த வருடம் முழுவதற்குமான சாரம்.

அந்தச் சமயம் பார்த்து நகர நிர்வாகம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. இடம் போதவில்லை, சுவரை இடித்து மேட்டைத் தெருப் பக்கம் விரிக்கலாமா என்று யோசனை. அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பாதிப்பு உண்டா என்று ஆராய்ந்து சொல்லும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டது. பாதிப்பு உண்டென்றால் சுவர் நிற்கும். இல்லையென்றால் மேடு தெருவுக்குள் வந்துவிடும். “உன் தெருதானே, உனக்கு வாசல் வாசலா பழக்கம்” என்று பேராசிரியை அதை இவளிடமே இறுதி ஆய்வாகக் கொடுத்தார். கெட்டிக்கார அம்மாள்தான், ஆனால் அங்கே சறுக்கிவிட்டார்.

காலேஜ் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். “இருமல், மூச்சுத் திணறல் ஏதாவது உண்டாண்ணே?”

“சேச்சே, நமக்கென்ன” என்றார் தையல்காரர்.

வெல்டிங் பட்டறைக்காரரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, “நாத்தமா? இங்கயா?” என்று கேட்டாள். கூட்டிப் பார்த்தால் உலகத்திலேயே ஆரோக்கியமான தெரு இதுதான். தாள்களைப் புரட்டிய பேராசிரியை, “நானே உங்க தெருவுக்குக் குடிவந்துடலாம் போலிருக்கே” என்றார்.

காலேஜ் நேரே மளிகைக்கடைக்காரரிடம் போனாள். “ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?”

“உனக்கு மார்க் குறைஞ்சிடக் கூடாதுன்னு நாங்கதான் பேசி வச்சுக்கிட்டோம். நல்லா இருந்துச்சா?” என்றார் அவர், பெருமை பொங்க.

அழுவதா, அடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இது மார்க்குக்கு இல்லை, சுவருக்கு. மறைத்தால் மேடு உள்ளே வந்துவிடும் என்று ஒவ்வொரு வாசலிலும் தொண்டை வறளச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நோய் இருந்தால்தான் காலேஜ் பாஸாவாள் என்று புரிந்துகொண்டுவிட்டார்கள்.

இரண்டாம் முறை இருமாத ஆளில்லை. ரெண்டு ரெண்டு படியாகத் தாவி மாடி ஏறும் தையல்காரருக்கு ஆஸ்துமா. மளிகைக்கடைக்காரர், வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கும் சேர்த்து மூச்சுத் திணறலைப் பதிவு செய்தார். போன மாதம் பிறந்த குழந்தைக்கு மூன்று வருடமாகச் சளி.

“ரெண்டும் குப்பை” என்றார் பேராசிரியை. “அவங்களுக்கு உன்மேல பாசம். உன் முகத்தப் பாத்தா உனக்கு எது நல்லதோ அதத்தான் சொல்லுவாங்க. ஆள மாத்து.” பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினார். “இது உங்க வீட்டுத் தாள்தானே? உங்கம்மா கையெழுத்து எங்க?”

“எனக்குத் தெரியாததா மேடம்? நானே எழுதிட்டேன்.”

“ரெண்டு தடவையுமா?”

காலேஜ் அந்தத் தாளை வாங்கிப் பைக்குள் திணித்தாள். அம்மா இருமுவது அவளுக்குத் தெரியாமலில்லை. வீட்டில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. பசை நெடி ஒத்துக்கொள்வதில்லை என்று அம்மா என்றைக்கோ சொல்லியிருந்தாள், இவளும் நம்பியிருந்தாள்.

வெயிலோ மழையோ கையில் குடையில்லாமல் வெளியே வராத வகுப்புத்தோழி ஒருத்தி மூன்றாம் முறை அனுப்பப்பட்டாள். அவள் கேட்டு முடிக்கும்வரை காலேஜ் தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாது என்று பேராசிரியையின் உத்தரவு. அந்நியப் பெண்ணிடம் தெரு கூட்டாமல் குறைக்காமல் உள்ளதைச் சொன்னது. பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருமல் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் பின்னால் நிர்வாகம் சுவரில் கை வைக்காமல் விட்டது. மேடு அங்கேயேதான் இருக்கிறது.

தோழி கேட்கப் போன அன்று, பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த காலேஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியாக அவள் வீட்டுக்குத்தான் தோழி போவாள் என்று தெரியும். பின்சந்து வழியாக வந்து, அடுக்களைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே, நீங்கள் சொல்வதை வெளியே யாரிடமும் சொல்லமாட்டோம் என்று தாளின் முதல் வரியை வாசித்துவிட்டுத் தோழி ஆரம்பித்தாள்.

“இருமல் உண்டாம்மா?”

“உண்டும்மா.”

“எவ்வளவு நாளா?”

“ஆச்சு, ஏழெட்டு வருஷம். வரவர மூச்சும் முட்டுது.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“காட்டினேன். புகைதான் காரணம், இடத்த மாத்துங்கன்னாரு.” பசைத்தூரிகை அட்டையில் இழுபடும் சத்தம் கேட்டது. “எங்க மாத்துறது? இங்கேருந்துதான் பொண்ணு படிக்கிற இடத்துக்கு ஒரே பஸ்ஸு. மூணு பஸ் மாறி மாறிப் போனா படிக்கிறதெங்க, தூங்குறதெங்க?”

தோழி தாளைத் திருப்பினாள். அப்புறம் அடுத்த கேள்வியை வாசித்தாள். “இது வீட்டுல மத்தவங்களுக்குத் தெரியுமா?” காலேஜே யோசித்துச் சேர்த்த கேள்வி அது.

“தெரியாதுன்னு போட்டுக்க. நீயும் அவகிட்ட சொல்லிடாத. பரீட்சை நேரம்.”

காலேஜுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. எத்தனை வீட்டு இருமலைக் கேட்கக் கிளம்பினோம், சொந்த வீட்டில் கேட்கவில்லையே என்று அவமானமாக இருந்தது. உள்ளே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அவள் அங்கே நின்றது தெரிந்தால் அம்மா சொன்ன அத்தனையும் வீண் சாட்சியாகிவிடும், தாளையும் கிழித்துப்போட வேண்டியதுதான். வந்த வழியே போனாள். தோழி குடையை விரித்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும், வாசல் பக்கமாக வந்து செருப்பைக் கழற்றினாள்.

“முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுது. நல்ல பொண்ணு. டீ கூட வேணாம்னுட்டா.”

அம்மா பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலேஜ் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அட்டையை எடுத்து மடித்தாள். “படிப்பு இந்த வருஷத்தோட முடியுது. வேற பக்கம் வீடு பாக்கலாமா?”

“ஏன்,” என்றாள் அம்மா, “இந்த வீட்டுக்கு என்ன குறை?”