மாஸ்டருக்கு எழுதிய மாத்திரை

அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். சட்டை வாங்கப் போனால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். தோளுக்குச் சரியாக இருப்பது இடுப்பில் தொங்கும். அவ்வளவு பெரிய உடம்புக்குள் ஒரு பொய்யை இரண்டு வருடமாக ஒளித்து வைத்திருந்தார் மனிதர்.

குழந்தை இல்லையென்று மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "உங்க வீட்டுக்காரரும் ஒரு டெஸ்ட் எடுக்கணும்" என்று சீட்டு கொடுத்தார்கள். மாஸ்டர் சிரித்தார். "என்னைப் பார்த்தாலே தெரியலையா?" சீட்டு கிழிந்து குப்பைக்குப் போனது. வேறு இடத்தில் பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாலு நாள் கழித்து வீட்டில் சொன்னார். அவள் நம்பினாள். அந்தத் தோளைப் பார்த்து யார்தான் நம்பமாட்டார்கள்?

தோளின் கதை அவருக்கல்லவா தெரியும். ஆணழகன் போட்டிகளுக்காக மூன்று வருடம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டவர்; அது விந்தணுவைக் குறைக்கும் என்று கூடத்தில் பேசிக்கொள்வதையும் கேட்டவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெறும் வாயை மெல்லும் மாமியாருக்கு மருமகள் அவலாகக் கிடைத்தாள். "என் புள்ளைக்கு என்ன குறை? சிங்கம் மாதிரி இருக்கான்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் சிங்கம் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஊசியை நிறுத்தி ஒரு வருடமாகியும் உடம்பு தேறவில்லை. எப்போதும் அசதி. கடைசியில் யாருக்கும் தெரியாமல், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார். பரிசோதனை முடிவுகளைப் பார்த்த அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"வெளியே இருந்து ஊசி வந்துக்கிட்டே இருந்ததுல உள்ளே வேலை நின்னுபோச்சு. விந்தணு ரொம்பக் கம்மி. மாத்திரை கொடுத்து எழுப்பிப் பார்க்கலாம்."

கூடத்தில் பையன்கள் பேசிக்கொள்ளும் ஒரு மாத்திரையின் பெயரை மாஸ்டர் மெல்லச் சொன்னார். "அதுதானே நல்லது?"

"அது பெண் ஹார்மோன்னு சொல்ற ஈஸ்ட்ரோஜன் உருவாகறதையே தடுக்கும். உங்களுக்கு அது கூடுதலா இல்லையேப்பா. ஆம்பளை எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் வேணும். ரொம்பக் குறைச்சா மூட்டு வலிக்கும், எலும்பு பலம் போகும். நான் எழுதறது அதைக் குறைக்காது, மூளைக்குத் தெரியாம மறைக்கும். ஐயோ குறைஞ்சுபோச்சேன்னு மூளை மறுபடி வேலையை ஆரம்பிக்கச் சொல்லும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கற ஒரு மாத்திரையும் இதே வழிதான். ஆனா முதல்ல நான் இதைத்தான் கொடுப்பேன். உத்தரவாதம் எல்லாம் கிடையாது. மூணு மாசம் பார்ப்போம்."

சீட்டிலிருந்த பெயரைப் படித்ததும் மாஸ்டருக்குக் காது சுட்டது. "இது பொம்பளைங்களுக்குக் கொடுக்கறது இல்லையா?"

"கருமுட்டை வளர அவங்களுக்கும் இதுதான். ஏன், வீட்ல யாராவது சாப்பிட்டாங்களா?"

ஆறு மாதம் சாப்பிட்டாள், மாதத்துக்கு ஐந்து நாள். மருந்துக்கடையில் வாங்கி வந்து கொடுத்ததே அவர்தான். குறை யாரிடம் என்று உள்ளுக்குள் தெரிந்துகொண்டே கொடுத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊசி, கிழித்த சீட்டு, சொன்ன பொய், எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டித் தீர்த்தார். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

அவர் நீட்டிய மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"திடீர் திடீர்னு உடம்பு தீயா காயும். தலை வலிக்கும். கண்ணு மங்கினா உடனே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு மங்குச்சு. உங்ககிட்டதான் சொன்னேன். வெயில்ல சுத்தினா அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார்.

"எப்ப?"

அவளே எண்ணைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்தாள்.

"என்னடா, ஏதாவது விசேஷமா?" என்று ஆசையாகக் கேட்டாள் அம்மா.

"அம்மா, குறை அவகிட்ட இல்ல, எங்கிட்டதான்." இதைச் சொல்லி முடிக்க, நூறு கிலோவை மூச்சு வாங்காமல் தூக்குகிற மனிதருக்கு மூன்று தடவை ஆனது.