அக்கா ஊற்றிய வாளித் தண்ணீர்

என் மேசையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் புனல் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றும் சாதாரணப் புனல்தான், விளிம்பில் ஒரு வெடிப்பு. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதில் பேனா போட்டுவைக்கப் பார்ப்பார்கள். கையைத் தட்டிவிடுவேன். அடியில் ஓட்டை உள்ள பொருளில் பேனா போடுகிறவர் எழுதும் நிரலை நான் எப்படி நம்புவது?

நான் பதுளையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பிறந்தது பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில். ஒரே கூரைக்கடியில் வரிசையாகப் பன்னிரண்டு குடும்பங்கள், முதுகுக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. அடைமழை பிடித்தால் மேடு எப்போது இறங்குமோ என்று எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மனு எழுதினோம். பதில் இல்லை. வந்த கோபத்தில் விடுமுறைக்கு ஊர் போனபோது நானே ஒரு கருவி செய்தேன். புனலில் விழும் மழை கீழே ஒரு சிறு கரண்டியை நிரப்பும். நிரம்பியதும் கரண்டி கவிழும். எத்தனை முறை கவிழ்கிறது என்று ஒரு சின்னக் கணினி அட்டை எண்ணும். ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிக்கை அளவைத் தாண்டினால் பழைய லொறி ஹார்ன் அலறும். அதைப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவின் இறவாரத்தில் பொருத்திவிட்டு, பெரிய ஆள் போல நின்றேன்.

மறுநாள் மாலை ஹார்ன் அலறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. ஒருவர் அரைவேக்காட்டுச் சோற்றுப் பானையோடு ஓடினார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அடுத்த நாளும் அதே நேரம், அதே அலறல். மூன்றாம் நாள் ஒருவரும் அசையவில்லை. ஹார்னை நம்பாத லயத்தில் மேடு நிஜமாகவே இறங்கினால் யார் ஓடுவார்கள்?

அக்கா கொழுந்து பறிக்கிறவள். வாய் திறந்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். "தம்பி, ஒன் டப்பாவுக்கு மழையே வேணாம் போலருக்கு. அதுவே அழுதுக்குது" என்றாள். நாலாம் நாள் பக்கத்திலேயே காத்திருந்து பார்த்தேன். வேலை முடிந்து வந்த பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகளை அலசி, உதறி, இறவாரக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். நீர் முழுக்க என் புனலில். "இங்க காயப்போடாதீங்க!" என்று கத்தினேன்.

"கம்பி எங்கம்மா காலத்துலேருந்து இருக்கு. ஒன் டப்பா போன வாரம் வந்துச்சு. எது நகரணும்?" என்றாள் அக்கா.

நகர்த்த என் திமிர் விடவில்லை. உள்ளே போய் நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: கரண்டி மிக வேகமாகக் கவிழ்ந்தால் அது சாக்கு உதறிய தண்ணீர், எண்ணாதே. மறுநாள் மாலை ஹார்ன் வாய் திறக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஹார்ன் அலறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஏணியில் ஏறி, வாளி வாளியாகக் கவிழ்த்தாள். சத்தமே இல்லை.

"கொஞ்சமா ஊத்துனா கத்துது, நெறைய ஊத்துனா ஊமையாயிருது. ஏன் தம்பி, பெரிய மழைன்னா இதுக்குப் பயமா?"

லயமே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. மேட்டை இறக்கும் பேய்மழை வரும்போது வாயை மூடிக்கொள்ளும்படி நானே எழுதிவைத்திருந்தேன். அன்றே அந்த வரியை அழித்தேன். புனலைக் கம்பியிலிருந்து எட்ட, அக்காவின் குளியலறைக் கூரைக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அக்கா தினமும் ஏறி ஊற்றினாள். செம்பு, குடம், வாளி, ஒரு தடவை பழைய ரசம்கூட. ரசத்துக்கு நான் சண்டை பிடித்தேன். ஆனால் அதற்கும் ஹார்ன் ஒழுங்காகவே வேலை செய்தது.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு பகல், நான் வீட்டில் இருந்தபோது ஹார்ன் அலறியது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். யாரும் மேட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? நா ஊத்திப் பாத்திருக்கேன், அது நெசந்தான். கெளம்புங்க!"

பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்தில் ஏறி நின்றபோது மேடு இறங்கியது. சமையல் செய்யும் நாலு குசினிகளும் அக்காவின் குளியலறையும் மண்ணுக்குள். ஓர் ஆளுக்கும் கீறல் இல்லை. தோண்டி எடுத்த புனலுக்கு மட்டும் வெடிப்பு. அதன்பின் பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்டு எத்தனை மனு எழுதினோம் என்பது வேறு கோபம்.

போன வாரம் அக்கா சேலை வாங்கப் பதுளைக்கு வந்தவள், படியேறி என் அலுவலகத்துக்கும் வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"இன்னும் இத வச்சிருக்கியா? குடு, வீட்டுல எண்ணெ ஊத்தப் புனல் இல்ல."

"தர மாட்டேன்" என்றேன். கீழே பிளாஸ்டிக் சாமான் விற்கும் நானாவின் கடைக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அக்கா தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, கடை வாசலிலேயே புனலில் ஊற்றினாள். என் செருப்பெல்லாம் நனைந்தது. தண்ணீர் ஒழுங்காக இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அதைப் பைக்குள் போட்டாள்.