பதினான்கு இஞ்சுக் கால்சட்டை

“இங்கிலீஷ் படிச்சுட்டா மெஷினு தானா ஓடுமாண்ணே? பட்டன் கட்டச் சொல்லுங்க, அதாவது உதவும்.”

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வாரம் சித்தப்பா அப்பாவிடம் இப்படிச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதுவும் பெண். கல்லூரியில் பி.யூ.சி. சேர வாங்கி வந்த விண்ணப்பம், பாலக்கரையில் இருந்த எங்கள் தையல் கடையில் மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. அப்பா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கடையில் கைவேலைக்கு ஆள் வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்திய இளைஞர் வந்தார். ரயில் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன். லண்டனுக்குக் குடிபோன அவருடைய அண்ணன் சாம்பல் நிறக் கம்பளித் துணியும் ஒரு போட்டோவும் ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார்.

“எனக்கும் அண்ணனுக்கும் ஒரே உடம்பு, அளவெல்லாம் லெட்டர்ல இருக்கு மாஸ்டர். சனிக்கிழமை எங்க ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல டான்ஸ். அன்னைக்கு இதைத்தான் போடணும்” என்று சொல்லிவிட்டு, ஒரு வார டூட்டிக்கு ஈரோடு போய்விட்டார்.

போட்டோவில் இருந்தவர்களை லண்டனில் ‘டெடி பாய்’ என்பார்களாம். முழங்காலை எட்டும் கோட்டு, வெல்வெட் காலர், குழாய் போன்ற கால்சட்டை, தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ. முடியை முன்னால் கோபுரமாக ஏற்றிப் பின்னால் வாத்து வால் போலச் சேர்த்திருந்தார்கள். எல்லோரும் மில்லிலும் துறைமுகத்திலும் வேலை செய்யும் பையன்கள். அந்தக் காலத்துப் பிரபுக்கள் போட்ட கோட்டு மாதிரியே தங்களுக்கும் தைத்துக்கொண்டவர்கள் என்று கடிதம் சொன்னது. எனக்கு அவர்களை உடனே பிடித்துப்போனது.

இங்கிலீஷில் இருந்த அந்தக் கடிதத்தில் அளவுகளை மட்டும் பொறுக்கி அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். நடுவில் வந்த வேடிக்கைப் பேச்சையும் புரியாத ஓரிரு வரிகளையும் விட்டுவிட்டேன். புரியவில்லை என்று சித்தப்பா எதிரில் சொல்ல மனம் வரவில்லை.

“கால்சட்டை அடிப்பக்கச் சுத்தளவு பதினாலு இஞ்சு.”

“பதினாலா? இருபத்திநாலா இருக்கும், நல்லாப் பாரு” என்றார் சித்தப்பா.

“பதினாலுதான். உள்ளே தையலுக்கு மேல துணி விடக் கூடாதாம், புடைச்சுத் தெரியுமாம்.”

எந்தத் துணியிலும் பிற்பாடு பிரித்துப் பெரிதாக்க உள்ளே ஓர் இஞ்சு மிச்சம் வைப்பது அப்பாவின் வழக்கம். அன்று என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அதை நறுக்கிவிட்டார். ஸ்ரீரங்கத்து நாடகக்காரர்களுக்கு ராஜா உடை தைத்ததில் மிஞ்சிய கருநீல வெல்வெட் காலரானது.

சனிக்கிழமை மத்தியானம் இளைஞர் வந்து போட்டுப் பார்த்தபோது கோட்டு கச்சிதமாகப் பொருந்தியது. கால்சட்டை குதிகாலில் நின்றுவிட்டது. இழுத்தாலும் ஏறவில்லை.

“மாஸ்டர், சாயங்காலம் டான்ஸ்!” என்று ஒற்றைக் காலில் நின்றபடி கத்தினார் அவர்.

“நான் அப்பவே சொன்னேன். இப்ப பிரிச்சு விடத் துணி எங்க இருக்கு? சீமையிலேருந்து வந்த துணி, பாழாப்போச்சு” என்றார் சித்தப்பா.

இழுப்பறைக்குள் இருந்த விண்ணப்பம்தான் என் நினைவுக்கு வந்தது. கடிதத்தை எடுத்தேன். பதினான்கு சரியாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்து நான் தாண்டிப் போன வரியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘பாதத்தில் காகிதப் பையை மாட்டிக்கொண்டுதான் தினமும் நான் இதற்குள் நுழைகிறேன்.’

“அப்பா, இதை நான் படிக்காம விட்டுட்டேன்” என்று சொல்லி, அதைத் தமிழில் சொன்னேன்.

அப்பா வழுவழுப்பான லைனிங் துண்டு ஒன்றை எடுத்து அந்தப் பாதத்தில் சுற்றினார். கால் சரக்கென்று வெளியே வந்தது. இளைஞர் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “சிஸ்டர், நானும் அதை ஜோக்குன்னு நினைச்சு மறந்தே போயிட்டேன்!” என்று சொல்லிக் கடைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி ஆடினார்.

சாயங்காலம் அப்பா என்னைப் பொன்மலைக்கு அழைத்துப் போனார். வேலிக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கிடாரும் டிரம்மும் சாக்ஸபோனும் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போக, ஜோடிகள் பம்பரமாகச் சுழன்றார்கள். என் கால் தானாகத் தாளம் போட்டது. அப்பா தான் தைத்த வெல்வெட் காலரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ வேணும்னா பட்டன் கட்டப் பழகு, வேணாங்கல. ஆனா காலேஜுக்குப் போ” என்றார் திடீரென்று. “தப்பை நீயே தேடிக் கண்டுபிடிச்சு, நீயே சொன்னே பாரு. அது போதும் எனக்கு.”

என்னை நம்பி அந்த ஓர் இஞ்சை நறுக்கியதற்கும், நான் தவறியபோது வாய் திறக்காமல் இருந்ததற்கும் அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

பி.யூ.சி. முடித்துவிட்டேன். பி.ஏ. ஆங்கில வகுப்பு நேற்று தொடங்கியது. முதல் பாடத்திலேயே ஒரு வரி விளங்கவில்லை. அறுபது பேர் திரும்பிப் பார்க்க, எழுந்து நின்று கேட்டேன்.